மூன்றாம் ஓலை

எனக்குக் கோபம் வரும், ஆனால் பழிவாங்கத் தெரியாது என்றுதான் எங்கள் சபையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டிருந்தேன். ஆறு வருஷம் ஒருத்தர்மேல் கறுவிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்குக் கை கொடுத்து, நல்லா இருக்கீங்களா பிரதர் என்று கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான் கேட்டேன். பல்லைக் காட்டிக்கொண்டே கேட்டேன்.

பத்தொன்பது வருஷம் நான் அந்தச் சபைக்குத் தலைவி. சம்பளமில்லாத வேலை. எங்கள் பாஸ்டருக்கு நாலு ஊரில் நாலு சபை. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களிடம் வருவார், மிச்ச ஞாயிறெல்லாம் என் தலையில். யார் வேதம் வாசிப்பது, யார் நாற்காலி போடுவது என்று பட்டியல் எழுதுவேன். மைக்குக்கு பேட்டரி மாற்றுவேன். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பேன். பாஸ்டர் ஆத்துமாக்களைப் பார்த்துக்கொண்டார், நான் அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைப் பார்த்துக்கொண்டேன். வார நாட்களில் எனக்கு ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, கடைசி வரி தெரிகிறதா என்று கேட்கவேண்டும். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருக்கும் நான் தலைவிதான். காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "தலைவி, இந்த வீட்டுச் சபைக்கும் கொஞ்சம் எழுந்தருளலாமே" என்பார்.

இத்தனை வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஓலை வாசிப்பது. ஓலை என்பது பேச்சுக்குத்தான், அது ஒரு தாள். எங்கள் சபையில் யாருக்காவது கல்யாணம் என்றால், முன்னதாக மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, இவர்கள் இணைவதற்கு ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்று கேட்கவேண்டும். முதல் இரண்டு தடவை கேட்டுவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடலாம். மூன்றாம் தடவை கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கவேண்டும். எவ்வளவு நேரம் என்று சட்டப் புத்தகத்தில் இல்லை. நான் மூன்று எண்ணுவேன். மைக் மேசைக்குப் பின்னால் கையை மறைத்துக்கொண்டு, கட்டைவிரலால் சுண்டுவிரலின் கணுக்களைத் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு "ஆட்சேபணை இல்லை" என்பேன், இரண்டு குடும்பமும் மூச்சு விடும். எத்தனையோ பேருக்கு அந்த ஒரு சுண்டுவிரலில் கல்யாணம் முடிந்தது.

என் மகளுக்கு மட்டும் பத்து எண்ணினேன்.

தலைவி சொந்தப் பெண்ணின் ஓலையை அவசர அவசரமாக முடித்துவிட்டாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக்கூடாது என்பது என் எண்ணம். அவள் விஷயத்தில் நான் எப்போதுமே அப்படித்தான். ஞாயிறு வகுப்பில் அவள் முதலாவதாக வந்த வருஷம் பரிசை இரண்டாவது வந்த பிள்ளைக்குக் கொடுத்தேன். ஹாலைக் கூட்டும் பட்டியலில் மற்ற பிள்ளைகள் பெயர் மாதத்துக்கு ஒரு தடவை வரும், இவள் பெயர் இரண்டு தடவை வரும். அதனால் ஓலைக்கும் பத்து என்று முந்தின வாரமே முடிவு செய்து வைத்திருந்தேன். சுண்டுவிரல் முடிந்தது, மோதிர விரல் முடிந்தது, நடுவிரலின் முதல் கணுவைத் தொட்டேன். ஏழு. நாலாம் வரிசையில் பிளைவுட் கடைக்காரர் எழுந்து நின்றார்.

அவர் அதற்கு முந்தின வருஷம் தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து நின்று பதினோரு ஓட்டில் தோற்றிருந்தார். தோற்ற அன்றைக்கு எனக்குக் கை கொடுத்தபோது விரல் நுனியை மட்டும் கொடுத்தார். அதே மனுஷர்தான் இப்போது சட்டையின் மேல் பட்டனைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு சிஸ்டர். சொல்ல வருத்தமாத்தான் இருக்கு. கடமை."

மாப்பிள்ளைப் பையனுக்கு ஏற்கெனவே வேறு ஊரில் ஒரு பெண்ணோடு நிச்சயம் நடந்து, அந்தப் பெண்ணை ஏமாற்றிவிட்டு வந்திருக்கிறான் என்று தன் கடைக்குச் சரக்கு கொண்டுவருபவர் சொன்னாராம். பையனும் அவனுடைய அப்பா அம்மாவும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் எழுந்து, அது நான் இல்லை, என் பெரியப்பா மகன் என்றான். ஆனால் ஆட்சேபணை என்று ஒருவர் சொல்லிவிட்டால் விசாரணை முடியும்வரை கல்யாணம் நிற்கவேண்டும் என்பது சட்டம். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. நான்தான் மைக்கில் அதை நிறுத்திவைத்தேன். என் வாயாலேயே நிறுத்திவைத்தேன்.

அந்த ஊர்ச் சபைக்கு எழுதிப் பதில் வர ஐந்து வாரம் ஆனது. பையன் சொன்னதுதான் உண்மை, அது பெரியப்பா மகன்தான். அதற்குள் பையனின் அப்பா, நூற்று நாற்பது பேர் நடுவில் என் மகனைக் குற்றவாளி மாதிரி நிற்கவைத்த வீட்டில் எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பையன் என் மகளிடம் இரண்டு தடவை போனில் பேசினான், மூன்றாம் தடவை எடுக்கவில்லை. பிளைவுட்காரர் என்னிடம் வந்து, "கேள்விப்பட்டதைச் சொன்னேன் சிஸ்டர், அவ்வளவுதான்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் பக்கத்தில்கூட வரவிடவில்லை.

மகள் இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மாதம் ஒரு தடவை வருவாள். சனிக்கிழமை காலையில் வந்து சனிக்கிழமை மாலையில் போய்விடுவாள். ஆறு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவள் எங்கள் வீட்டில் விடிந்ததில்லை. வரும்போதெல்லாம் நான் பிளைவுட்காரரைத் திட்டித் தீர்ப்பேன். அந்த ஆளுக்கு நல்ல சாவு வராது என்பேன். அவள் கேட்டுக்கொண்டே துணி மடிப்பாள், ஒரு வார்த்தையும் சேர்த்துப் பேசமாட்டாள். மனம் ஆறாமல்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை, பதவி போதும் என்று பாஸ்டருக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த தலைவராகப் போட்டியில்லாமல் வந்தவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் நான் கிடந்தபோதுதான் அவரே நடந்து வந்து என் கையில் மாட்டினார்.

அவருடைய மகனுக்குக் கல்யாணம். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்கே வந்தார். மேலிருந்து கீழே படித்தேன். பெண் வேறு சபையிலிருந்து எங்கள் சபைக்கு மாறி வந்தவள். ஓலை வாசிக்கப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் பதிவேட்டில் ஒரு வருஷமாவது இருக்கவேண்டும் என்பது சட்டம். பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதியவளே நான்தான். ஏழு மாதம்கூட ஆகவில்லை. இது அவருக்கும் தெரியவில்லை, பாஸ்டருக்கும் நினைவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு பிரதர்" என்றேன்.

அவர் ஓலையை அந்த மாதமே ஆரம்பிக்கச் சொன்னார். பாஸ்டர் வரும் வாரம், இன்னொரு வீட்டு நினைவுக் கூட்டம் என்று ஏதேதோ சொல்லித் தள்ளினேன். மூன்றாம் ஓலை என்னுடைய கடைசி ஞாயிற்றில் வந்து விழும்படி பார்த்துக்கொண்டேன். அதற்கடுத்த சனிக்கிழமை கல்யாணம். பத்திரிகை அச்சாகி ஊரெல்லாம் போனது, மண்டபம் பிடித்தார்கள், போட்டோக்காரர் வந்து எங்கள் ஹாலில் வெளிச்சம் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொன்றாகக் கேள்விப்படும்போது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. எழுத்துப் பலகைக்கு எதிரே நிலைக்கண்ணாடி இருக்கிறது. கடையில் ஆள் இல்லாத நேரம் அதற்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு பிரதர். சொல்ல வருத்தமாத்தான் இருக்கு. கடமை. வாசிக்கிறவளே ஆட்சேபணை சொல்லலாமா என்று சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தாயிற்று. சபையார் எவரும் சொல்லலாம் என்று இருந்தது. நானும் சபையார்தானே.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "ஆறு வருஷம் இன்ஜினை ஓடவிட்டுட்டே நின்னிருக்கே, டீசல் தீரலையா உனக்கு?" என்றார். தீரவில்லை என்றேன்.

மகளுக்குப் போன் செய்து, என் கடைசி ஞாயிறு, இந்த ஒரு தடவை வா என்றேன். வழக்கம்போல் சாக்குச் சொன்னாள். அந்த வீட்டு மூன்றாம் ஓலை அன்றைக்குத்தான், வந்தால் ஒன்று பார்ப்பாய் என்றேன். "நீதானே வாசிக்கிறே?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். வருகிறேன் என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். அவளுக்கும் என்னைப்போலவே ஆசை இருக்கிறது, இத்தனை நாள் அடக்கிவைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஹால் நிரம்பியிருந்தது. எனக்குக் கொடுக்கப்போகும் சுவர்க் கடிகாரத்தைப் பளபளத் தாளில் சுற்றி மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். அந்தப் பரிசைப் பதினைந்து பேருக்கு வாங்கிக் கொடுத்தவளே நான் என்பதால் பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிளைவுட்காரர் குடும்பத்தோடு முதல் வரிசையில், என் மகளுக்குப் பார்த்த பையனும் அவன் அப்பா அம்மாவும் அன்று உட்கார்ந்திருந்த அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார். மகனுக்குப் பக்கத்தில் அந்தப் பெண், துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். என் மகள் கடைசி வரிசையில் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். என் கையில் ஓலை, அதற்கடியில் பதிவேடு, பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு.

வாசித்தேன். பெயர்களை நன்றாக நிறுத்தி நிதானமாக வாசித்தேன். இது மூன்றாம் முறை, ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்றேன். கையை மேசைக்குப் பின்னால் கொண்டுபோனேன். என் மகளுக்கு எத்தனையோ அத்தனை, பத்தாவது கணு முடிந்ததும் வாயைத் திறப்பது என்று திட்டம்.

ஒன்று, இரண்டு, மூன்று. வழக்கமாக இந்த இடத்தில் முடிந்துவிடும் என்று பழகிப்போன ஜனம் நிமிர்ந்து பார்த்தது. நாலு. பிளைவுட்காரரின் மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். ஐந்து. அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது, கழுத்துப் பட்டனைத் தேடிக் கை மேலே போனது. அந்தக் கையைப் பார்த்தேனே, அந்த ஒரு நொடிக்காகத்தான் ஆறு வருஷம் கை கொடுத்தேன். ஆறு. ஏழு.

கடைசி வரிசையில் என் மகள் எழுந்து நின்றாள்.

ஹாலே திரும்பியது. பிளைவுட்காரரும் திரும்பினார். சொல்லடி என் செல்லமே என்று நான் மனசுக்குள் சொன்னேன். அவளுக்கு எட்டு மாத விஷயம் தெரியாதே, என்னத்தைச் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

"அம்மா, மூணு எப்பவோ ஆயிடுச்சு. எல்லாருக்கும் அவ்வளவுதானே எண்ணுவே? எனக்கு மட்டுந்தான் பத்து."

கத்தவில்லை. மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. சொல்லிவிட்டு உட்காரவும் இல்லை, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்த கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்து எண்ணிய கை அது. சின்ன வயசில் அவளை முன் வரிசை ஓரத்தில் உட்காரவைப்பேன், அங்கிருந்து பார்த்தால் மேசையின் பக்கவாட்டில் கை தெரியும் என்று இப்போதுதான் உறைத்தது. ஒத்திகை பார்த்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூட வரவில்லை.

"ஆட்சேபணை இல்லை" என்றேன்.

அந்தப் பெண் துப்பட்டாவை விட்டாள். என் மகள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என்னைப் புகழ்ந்து ஏழு பேர் பேசினார்கள். தாய் போன்றவர் என்று மூன்று பேர் சொன்னார்கள். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

பிறகு அலுவலக அறையில் புதுத் தலைவரிடம் சாவிக்கொத்தையும் பதிவேட்டையும் ஒப்படைக்கவேண்டும். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். சாவிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன்: பெரிய கதவு, பீரோ, மோட்டார் அறை. கடைசியாகப் பதிவேட்டில் காகிதத் துண்டு வைத்த பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். தேதியில் விரலை வைத்தேன். ஒரு வருஷம் ஆகவேண்டும் பிரதர், எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது, தெரிந்தேதான் வாசித்தேன் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். இப்போ என்ன செய்யறது சிஸ்டர் என்று கேட்டார்.

"நீங்கதானே தலைவர். கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல பிரதர்."

அவர் கல்யாணத்தை நிறுத்தமாட்டார், வாயை மூடிக்கொண்டு விழுங்குவார் என்று எனக்குத் தெரியும். விழுங்கட்டும். இனி அந்த மேசையில் நின்று யார் ஓலையை வாசித்தாலும் இந்தத் தேதி அவர் தொண்டையில் நிற்கட்டும். திருப்தியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அது வாசற்படி வரைக்கும்தான் கூட வந்தது. வாசலில் மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. வீட்டுக்காரர் டிக்கெட் எடுக்கப் போனார், எடுத்த பிறகும் எங்கள் பக்கம் வராமல் பேப்பர் கடையிலேயே நின்றுவிட்டார். நானும் மகளும் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் கடிகாரப் பெட்டி.

அந்த ஆளைக் காப்பாற்றத்தான் வந்தாயா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"அவரா? அவரை நான் மறந்தே நாலு வருஷம் ஆச்சு. அவர் யாரோ. அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு, என் நாற்காலியில உட்கார? நான் வந்தது உனக்காக. எல்லார் முன்னாடியும் நீ அதைக் காதால கேக்கணும்னு வந்தேன். அன்னைக்கு நானும் எல்லார் முன்னாடியும்தானே கேட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்."

மூன்றோடு நிறுத்தியிருந்தால் என் பெண் என்பதால் சலுகை என்று பேசியிருப்பார்கள், உனக்குத் தெரியாதா என்றேன்.

"பேசட்டுமே."

ஆறு வருஷத்தில், அதற்கு முந்தின இருபத்தைந்து வருஷத்தில், அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றியதே கிடையாது. பரிசைத் தூக்கி இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்த அன்றைக்கும் தோன்றவில்லை.

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ அவரைத் திட்டும்போதெல்லாம் காத்துட்டிருப்பேன்மா. அவர் எழுந்தார், அவர் எழுந்தார்னே சொல்லுவே. நாலு, அஞ்சு, ஆறு யாரோடதுன்னு ஒரு தடவையாவது சொல்லுவியான்னு பார்ப்பேன். சொல்லவே இல்லை."

ரயில் வருவதாக அறிவித்தார்கள். அவள் எழுந்து பையை மாட்டினாள். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"என்னோடதுதான்" என்றேன். "மன்னிச்சிடும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் நின்றாள். என் கட்டைவிரல் பழக்கத்தில் தானாகச் சுண்டுவிரலுக்குப் போனது. மூன்று ஆனது. மோதிர விரல் முடிந்தது. ஏழு ஆனது, பத்து ஆனது. அவளும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவும் முடிந்தபோது ரயில் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். நான் எண்ணுவதை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.